திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் முன்கற்றல் ஏற்பும் குறுஞ்சான்றுகளும்: ஏற்போர் கடப்பாடு பற்றிய ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் பணியாற்றும் தொழிலாளர்கள் ஆலைக்குள் பெறும் அறிவு, உயர்கல்வி நிறுவனங்களில் தகுதிப்புள்ளியாக மாறுவதில்லை. குறுஞ்சான்று, டிஜிட்டல் பேட்ஜ், முன்கற்றல் ஏற்பு ஆகிய மூன்றும் இந்த இடைவெளியை நிரப்பும் வழிகளாக இன்று முன்வைக்கப்படுகின்றன. இவற்றைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் சான்று வழங்குவோரையே மையமாகக் கொண்டுள்ளது. அச்சான்றை ஏற்றுக்கொள்ள வேண்டியவர் யார், எந்த அளவுக்கு, எந்தச் சட்டத்தின்படி ஏற்க வேண்டும் என்னும் வினாக்களே அடிப்படையானவை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தொழிலாளரின் திறனுக்கான ஆவணம் ஆலைகளில் ஏற்கெனவே உருவாகிறது என்பதையும், அது தொழிலாளரின் கைக்கு வருவதில்லை என்பதையும், தமிழ்நாட்டின் திறந்தநிலைப் பட்டங்கள் பற்றிய 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்குத் தரும் பாடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முன்கற்றல் ஏற்பு, குறுஞ்சான்று, டிஜிட்டல் பேட்ஜ், தகுதிப்புள்ளி, திறன் அட்டவணை, ஒப்பந்தத் தொழிலாளர்.

1. முன்னுரை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலையும், அடுத்த ஆண்டில் சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் ஆலையும் இயங்கத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய சிப்காட் தொழிற்பூங்காக்கள் சேர்ந்து இன்று ஒரே தொடர்ச்சியான தொழில்தடமாகிவிட்டன. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள் உள்ளன. ஒரு நடுத்தரப் பேரூரின் மக்கள்தொகைக்கு ஈடான எண்ணிக்கையிலான இளம்பெண்கள் தங்குவதற்கென எழுந்த இவ்வளாகம் தொழில்தடத்தின் அளவை உணர்த்தப் போதுமானது.

இத்தடத்தைப் பற்றிய ஆய்வுகள் முதலீடு, ஏற்றுமதி, நிலம், நீர், தொழிலுறவு ஆகியவற்றைப் பேசிய அளவுக்குக் கற்றலைப் பேசவில்லை. ஆலைக்குள் நுழையும் பத்தொன்பது வயதுப் பெண் மூன்று ஆண்டுகளில் எதைக் கற்கிறார், கற்றது எங்கே பதிவாகிறது, பணியை விட்டு நீங்கும்போது எதை எடுத்துச் செல்கிறார் என்னும் வினாக்கள் உயர்கல்வி ஆய்வுக்கும் உரியவை. பட்டம் பெறாமல் வேலைக்குச் சென்றவர் பின்னாளில் கல்லூரிக்குத் திரும்ப விரும்பினால், அவர் கற்ற ஒவ்வொன்றும் கணக்கில் வராமல் முதல் பருவத்தின் முதல் தாளிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. இந்நிலை மாறுவதற்குத் தேவையானவை எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுவெளியில் உள்ள சட்டங்கள், ஒழுங்குமுறைகள், தரநிலைகள், நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவை இதற்கு அடிப்படைத் தரவுகளாகின்றன.

2. கலைச்சொல் விளக்கம்

பட்டம், பட்டயம் போன்ற நீண்ட படிப்புகளைப் போலன்றி, வரையறுத்த சிறிய அளவிலான கற்றலை மதிப்பிட்டு வழங்கப்படும் சான்று குறுஞ்சான்று எனப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மன்றம் 2022 ஜூனில் வெளியிட்ட பரிந்துரையும் இதே பொருளை ஏற்றுக்கொள்கிறது. கற்றதன் விளைவு வெளிப்படையான அளவுகோலால் மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்பதே அப்பரிந்துரையின் உயிர்நிலை. ஆகவே வருகைச் சான்றிதழ் குறுஞ்சான்று ஆகாது.

டிஜிட்டல் பேட்ஜ் என்பது அச்சான்றின் மின்னணு வடிவம். மொசில்லா அறக்கட்டளை 2011-இல் அறிவித்த திறந்த பேட்ஜ் தரநிலை இதற்குத் தொடக்கமாக அமைந்தது. 2017-இல் அதன் பொறுப்பு அப்போது ஐ.எம்.எஸ். குளோபல் என வழங்கிய கல்வித்தொழில்நுட்பக் கூட்டமைப்பிடம் சென்றது. வழங்கியவர் யார், எந்த அளவுகோலின்படி வழங்கினார், எப்போது வழங்கினார், அதற்கான ஆதாரம் எது என்னும் செய்திகள் பேட்ஜின் உள்ளேயே பொதிந்திருக்கும். ஒன்றை இங்குத் தெளிவுபடுத்த வேண்டும். சான்று போலியன்று, திருத்தப்படவில்லை என்பதைத்தான் பேட்ஜ் மெய்ப்பிக்கும். அச்சான்றுக்குரிய மதிப்பீடு தரமானதா என்பதை அது மெய்ப்பிக்காது.

முன்கற்றல் ஏற்பு என்பது வகுப்பறைக்கு வெளியே பணியாலும் அனுபவத்தாலும் பெற்ற கற்றலை மதிப்பிட்டு அங்கீகரிப்பதாகும். இதற்கு மூன்று படிநிலைகள் உண்டு. அனுபவத்தைச் சேர்க்கைத் தகுதியாக மட்டும் கொள்வது முதற்படி. சில பாடங்களிலிருந்து விலக்களித்து அவற்றுக்குரிய தகுதிப்புள்ளிகளை வழங்குவது இரண்டாம் படி. அனுபவத்தின் அடிப்படையில் முழுச் சான்றையே வழங்குவது மூன்றாம் படி. தமிழ்நாட்டின் பகுதிநேரப் பொறியியல் படிப்புகளில் பணியனுபவம் முதற்படி அளவிலேயே நின்றுவிடுகிறது. பத்தாண்டு அனுபவமுள்ள பட்டயதாரரும் உற்பத்தித் தொழில்நுட்பத் தாளை மற்றவரைப் போலவே முழுமையாக எழுத வேண்டியவர்தாம்.

3. ஆலைக்குள் நிகழும் கற்றலும் அதன் பதிவும்

உற்பத்தி வரிசையில் ஒரு பணிச்சுழற்சி ஒரு நிமிடமோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். ஒரே செயலை நாள்முழுதும் திரும்பச் செய்பவர் எதைக் கற்கிறார் என்னும் ஐயம் இயல்பானது. பணியைக் கூறுபோடுவது தொழிலாளரின் திறனை உறிஞ்சிவிடுகிறது என்பது ஹாரி பிரேவர்மன் 1974-இல் முன்வைத்த வாதம். அதன் வலிமையை மறுக்க இயலாது. எனினும் வரிசை சீராக இயங்கும்போது தேவைப்படும் அறிவு வேறு. அது பிறழும்போது தேவைப்படும் அறிவு வேறு.

மின்னணு ஆலையில் சுற்றுப்பலகையின் மீது உதிரிகளைப் பற்றவைக்கும் வரிசையை எடுத்துக்கொள்வோம். மிகச்சிறிய உதிரி ஒன்று ஒரு முனையில் எழுந்து நின்றுவிட்டால், இருமுனைகளிலும் இட்ட பற்றாசு ஒரே நேரத்தில் உருகவில்லை என்பதை அனுபவமுள்ள ஆபரேட்டர் கண்டுகொள்வார். பற்றாசு இட்டதில் ஏற்றத்தாழ்வா, உதிரி வைத்த இடம் விலகியதா, உலையின் வெப்பநிலைப் போக்கு மாறியதா என அவர் வரிசையாகச் சோதிப்பார். மகிழுந்து உடற்கூட்டுப் பிரிவில் புள்ளிப் பற்றவைப்பு செய்பவர், எலெக்ட்ரோடின் முனை தேயத் தேய மின்னோட்டச் செறிவு குறைந்து இணைப்பு வலுவிழக்கும் என்பதை அறிவார். முனையை எப்போது சீவ வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். இவை பொருளறிவியல், தரக்கட்டுப்பாடு, உற்பத்திப் பொறியியல் ஆகிய பாடங்களின் உள்ளடக்கம். கற்ற வழி வேறாயினும் கற்ற பொருள் ஒன்றே.

இக்கற்றல் பதிவின்றிப் போகிறது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அக்கூற்று முழுவதும் சரியன்று. மெலிவுற்பத்தி முறையைப் பின்பற்றும் ஆலைகளில் ‘ஸ்கில் மேட்ரிக்ஸ்’ என வழங்கும் திறன் அட்டவணை வரிசையின் அருகிலேயே தொங்கவிடப்படுகிறது. இடப்பக்கம் தொழிலாளரின் பெயர்களும் மேற்பக்கம் பணிகளின் பெயர்களும் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் நான்காகப் பகுத்த ஒரு வட்டம் வரையப்பட்டிருக்கும். ஒரு கால் நிரப்பப்பட்டால் பணியைப் பற்றி அறிந்தவர். இரண்டு கால் என்றால் மேற்பார்வையில் செய்யக்கூடியவர். மூன்று கால் என்றால் தனித்துச் செய்யக்கூடியவர். முழுவட்டம் என்றால் பிறருக்குக் கற்றுக்கொடுக்கக் கூடியவர். நடைமுறையில் சிறு வேறுபாடுகள் இருந்தாலும் அடிப்படை இதுவே.

இவ்வட்டவணை நிறுவனத்தின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. ஐ.எஸ்.ஓ. 9001:2015 தரநிலையின் 7.2 ஆம் கூறு, பணியாளரின் தகுதிப்பாட்டுக்கான ஆதாரத்தை ஆவணமாகப் பேண வேண்டும் என்கிறது. வாகனத் துறைக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949:2016 இதற்கு மேலும் சென்று, பணியிடப் பயிற்சியைத் தனிக்கூறாகவே வலியுறுத்துகிறது. பெரிய வாகன நிறுவனங்களுக்கு உதிரிபாகம் வழங்கும் ஆலைகள் தணிக்கையின்போது இந்த ஆவணங்களைக் காட்டியாக வேண்டும். அளவுகோல், மதிப்பிட்டவர், தேதி, படிநிலை ஆகிய நான்கும் அவற்றில் உள்ளன. ஒரு குறுஞ்சான்றுக்குத் தேவையான கூறுகளும் இவையே. எனவே, இத்தடத்தில் திறனுக்கான ஆதாரம் இல்லை என்பதைவிட, அது தொழிலாளருக்கு உரியதாக இல்லை என்பதே சிக்கலின் சரியான வரையறை. அட்டவணை ஆலையின் சுவரில் இருக்கிறது. தொழிலாளர் வெளியேறும் நாளில் அதிலிருந்து அவர் பெயர் அழிக்கப்படுகிறது.

4. வெளியேறும்போது எஞ்சுவது

நோக்கியா ஆலையின் முடிவு இதனை விளக்கும் தெளிவான சான்று. வரி வழக்கின் காரணமாக அந்த ஆலை, 2014 ஏப்ரலில் நிறைவுற்ற மைக்ரோசாஃப்ட் விற்பனையில் சேர்க்கப்படவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கானோர் விலகினர். 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. அதனைச் சார்ந்திருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் அவ்வாண்டின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் இளம்பெண்கள். பல ஆண்டுகள் கைப்பேசி உற்பத்தியின் நுட்பங்களைக் கற்றவர்கள் இழப்பீட்டுத் தொகையைப் பெற்றார்கள். கற்றதை மற்றோர் ஆலையும் கல்லூரியும் ஏற்கும் வடிவில் காட்டும் பொதுச்சான்று எதையும் அவர்களுக்கு வழங்கும் ஏற்பாடு அப்போது இல்லை. பின்னர் அந்த ஆலை வளாகத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்கி மின்னேற்றிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. ஃபாக்ஸ்கானும் இத்தடத்தில் மீண்டும் விரிவடைந்தது. துறை திரும்பி வந்தது. முன்னர் அத்துறையில் கற்றவர்களின் கற்றலை அடையாளம் காணும் வழிதான் இல்லாமற்போயிற்று.

சட்டம் இதுகுறித்து முற்றிலும் மௌனமாக இருக்கவில்லை. 1946-ஆம் ஆண்டின் தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டத்தின்கீழ் அமைந்த மாதிரி நிலையாணைகள், நிரந்தரத் தொழிலாளர் பணியிலிருந்து நீங்கும்போது பணிச்சான்று பெறும் உரிமையை வழங்கின. ‘நிரந்தர’ என்னும் அடைமொழி இங்கு நோக்கத்தக்கது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு 1971-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் தனிப் படிவமொன்றை வகுத்தன. பணிக்காலம், பணியின் தன்மை, ஊதிய விகிதம் ஆகியவற்றுக்கு அப்படிவத்தில் இடமுண்டு, திறன்நிலைக்கு இடமில்லை.

பயிற்சியாளர் என்னும் பெயரில் அமர்த்தப்பட்டோரின் நிலை இன்னும் சிக்கலானது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2013-இல் கொண்டுவந்த ‘நீம்’ திட்டம், 3 முதல் 36 மாதங்கள் வரை ஆலைகளில் பயிற்சியாளரை வைத்துக்கொள்ள வழிசெய்தது. பயிற்சியாளர் சட்டப்படி ஊழியர் ஆகார். உயர்தொழிற்கல்வியை ஒழுங்குபடுத்தும் அமைப்பே வகுத்த திட்டமாயினும், அதில் கழிந்த மூன்றாண்டு எந்தப் பட்டயத்தின் எத்தனை புள்ளிகளுக்கு ஈடாகும் என்பது வரையறுக்கப்படவில்லை. அவ்விதிமுறைகள் பின்னர் நீக்கப்பட்டுவிட்டன. கற்றலின் பெயரால் உழைப்பைப் பெற்றுக்கொண்டு, கற்றலுக்கு உரிய பயனை வழங்காமற் போகும் இடர் இவ்வகைத் திட்டங்களில் தொடர்ந்து உள்ளது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் இவ்வகையில் ஒரு வாயிலைத் திறந்துள்ளது. அதன் 56-ஆம் பிரிவின்படி, தொழிலாளர் கோரினால் ஒப்பந்ததாரர் அவர் செய்த பணியின் விவரங்களைக் கொண்ட அனுபவச் சான்றை வழங்க வேண்டும். சான்றின் படிவத்தை வகுக்கும் அதிகாரம் உரிய அரசுக்கு உண்டு. இத்தடத்தின் தனியார் ஆலைகளைப் பொறுத்தவரை அந்த அரசு மாநில அரசே.

5. தேசியக் கட்டமைப்பின் புள்ளிக் கணக்கு

தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டபோது முன்கற்றல் ஏற்பு அதன் ஒரு கூறாயிற்று. அதன் இரண்டாம் கட்டத்தில், 12 மணி நேர அறிமுகப் பயிற்சிக்குப் பின் மதிப்பீடு நிகழ்த்தப்பட்டு, தேர்ச்சி பெற்றவருக்குச் சான்றும் 500 ரூபாயும் வழங்கப்பட்டன. அச்சான்று திறன் கட்டமைப்பில் ஒரு நிலையைச் சுட்டியது. ஆனால் எந்தப் பல்கலைக்கழகமும் அதனைத் தன் பாடத்திட்டத்தில் ஏற்க வேண்டும் என்னும் கட்டாயம் அதனுடன் வரவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கல்வித் தகுதிப்புள்ளி வங்கிக்கான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. மாணவர் பெறும் புள்ளிகள் அவ்வங்கியில் ஏழாண்டு வரை செல்லும். பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது பாதிப் புள்ளிகளையாவது பெற்றிருக்க வேண்டும் என்பது அவ்வொழுங்குமுறை. 2023 ஏப்ரலில் வெளியான தேசியத் தகுதிப்புள்ளிக் கட்டமைப்பு, பள்ளிக்கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி மூன்றையும் ஒரே அளவுகோலில் கொண்டுவந்தது. 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு புள்ளி. ஓராண்டுக்கு 1,200 மணி நேரம், அதாவது 40 புள்ளிகள் என்பது அதன் கணக்கு.

இக்கணக்கை ஆலைக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு முரண் தெரியவரும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 300 நாள் பணிபுரிபவர் 2,400 மணி நேரம் ஆலையில் இருக்கிறார். நேரத்தை மட்டும் கொண்டு வகுத்தால் அவருக்கு ஆண்டுக்கு 80 புள்ளிகள் சேர வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்துக்குரிய 120 புள்ளிகள் ஒன்றரை ஆண்டில் கிட்டிவிடும். இதனை யாரும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. முதல் மாதத்தில் கற்றதை முப்பத்தாறாம் மாதம் வரை திரும்பச் செய்வது புதிய கற்றல் ஆகாது. ஆகவே நேரம் கற்றலின் அளவுகோலாக அமையாது என்பதும், மதிப்பீடே அளவுகோல் என்பதும் பெறப்படும்.

கட்டமைப்பு இதனை உணர்ந்தே அனுபவத்துக்குப் பெருக்கெண் முறையை வகுத்துள்ளது. தொடர்புடைய பணியில் ஓராண்டுக்கு மேல் நான்காண்டு வரை அனுபவமுள்ளவருக்கு 1.33, ஏழாண்டு வரை 1.67, அதற்கு மேல் 2 என்பன பெருக்கெண்கள். 40 புள்ளிகளுக்குரிய தொழிற்பயிற்சியை முடித்து அதே துறையில் ஐந்தாண்டு பணியாற்றியவருக்கு உச்ச அளவாக 66.8 புள்ளிகள் கணக்கிடலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றவருக்கு இம்முறை பயன்தரும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேரே ஆலைக்கு வந்த பெண்ணுக்கோ அத்துறையில் அடிப்படைப் புள்ளியே இல்லை. சுழியை இரண்டால் பெருக்கினாலும் சுழியே. முதலில் அவருடைய ஆலைக்கற்றலை மதிப்பிட்டு அடிப்படைப் புள்ளி வழங்கினால்தான் அனுபவத்துக்கு எடை கிட்டும். அந்த மதிப்பீட்டை நடத்தும் பொறுப்பைக் கல்லூரி ஏற்குமா, திறன் குழுமம் ஏற்குமா என்பதில்தான் அனைத்தும் அடங்கியுள்ளது.

தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ ஏற்கவில்லை. மாநிலக் கொள்கையை வகுக்க நீதிபதி த. முருகேசன் தலைமையில் 2022-இல் குழு அமைத்தது. எனவே மேற்கூறிய கட்டமைப்புகளை மாநிலப் பல்கலைக்கழகங்கள் எவ்வளவு தழுவும் என்பது கல்வியியல் வினாவாக மட்டுமின்றி, கூட்டாட்சி வினாவாகவும் உள்ளது. அதே 2022-இல் மாநில அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவரைத் தொழில்துறைக்கு ஆயத்தப்படுத்துகிறது. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து நவீனப்படுத்தும் திட்டமும் அத்தகையதே. இவ்விரண்டின் பயனும் பெரிது. ஆனால் இரண்டும் கல்விக்கூடத்திலிருந்து ஆலைக்குச் செல்லும் பாதைகள். ஆலையிலிருந்து கல்விக்கூடத்துக்குத் திரும்பும் பாதை இன்னும் அமைக்கப்படவில்லை.

6. தமிழ்நாட்டின் முன்னனுபவம்: இரு நிகழ்வுகள்

முறைசார் பள்ளிக்கல்வி இல்லாதவரை வயது, முதிர்ச்சி, நுழைவுத்தேர்வு ஆகியவற்றின் அடிப்படையில் உயர்கல்விக்கு ஏற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், முன்கல்விப் பதிவு இல்லாதவரும் 21 வயது நிறைந்து நுழைவுத்தேர்வில் தேறினால் தொலைநிலை முதற்பட்டப் படிப்பில் சேரலாம் என்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் திறந்தநிலைப் படிப்புகள் வழியே பலர் பட்டம் பெற்றனர். முதற்பட்டம் இல்லாமலே முதுகலைப் பட்டம் பெறும் வழியும் இருந்தது.

அவ்வாறு பெற்ற முதுகலைப் பட்டத்தைக் கொண்டு அரசுப் பதவி பெற்ற ஒருவரின் நியமனம் வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதற்பட்டம் இன்றிப் பெற்ற முதுகலைப் பட்டம் 1985-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளுக்கு முரணானது என 2009 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 107-ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளை முடித்தபின் பெற்ற பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்பது அதன் சாரம். தீர்ப்பு முதுகலைப் பட்டம் பற்றியது. அரசாணையின் எல்லை அதனினும் விரிந்தது. நுழைவுத்தேர்வு எழுதி முறையாகச் சேர்ந்து முதற்பட்டம் பெற்றவர்களும் அரசுப் பணிக்குத் தகுதியற்றவர் ஆயினர்.

முன்கற்றல் ஏற்பைப் பற்றிப் பேசுவோர் இந்நிகழ்வை மறக்கலாகாது. பல்கலைக்கழகம் வழங்கியது; மாணவர் உழைத்துப் பெற்றார்; மாநிலத்தின் மிகப்பெரிய பணியளிப்பாளரான அரசு ஏற்கவில்லை. பட்டத்தின் உண்மைத்தன்மையை எவரும் ஐயுறவில்லை. அன்று டிஜிட்டல் பேட்ஜ் இருந்திருந்தாலும் முடிவு மாறியிராது. சான்று செல்லுபடியாவது வழங்குவோரின் கையொப்பத்தால் மட்டுமன்று; ஏற்போரின் கடப்பாட்டாலும் ஆகும்.

இரண்டாம் நிகழ்வு இதற்கு மறுதலையானது. பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டு பயின்றவர், தமிழ், ஆங்கில மொழித்தாள்களில் மட்டும் தேர்ச்சி பெற்றால் அவரது கல்வி பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகும் என 2022-இல் மாநில அரசு ஆணையிட்டது. பட்டறையில் கற்றதைப் பாடத்தாள்களுக்கு ஈடாக அரசே ஏற்றது. எவை ஈடாகும், எவற்றைக் கூடுதலாக எழுத வேண்டும் என்பன முன்கூட்டியே தெளிவாக்கப்பட்டன. முன்கற்றல் ஏற்புக்கு நம்மிடம் உள்ள பின்பற்றத்தக்க மாதிரி இதுவே. இதே தருக்கத்தை ஒரு படி மேலே, பட்டயம், இளநிலைத் தொழிற்பட்டம் ஆகியவற்றுக்கு நீட்டுவதில் கொள்கையளவிலான தடை எதுவும் இல்லை.

7. இரு அயல்நாட்டு நடைமுறைகள்

இத்தடத்தின் பேராலைகள் சிலவற்றின் தாயகமான தென் கொரியாவில் 1998 முதல் தகுதிப்புள்ளி வங்கி முறை இயங்கிவருகிறது. கல்லூரியில் சேராமலே பல வழிகளில் புள்ளிகளைத் திரட்டி, 140 புள்ளிகள் நிறைந்ததும் உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு இளநிலைப் பட்டம் பெறலாம். தேசியத் தொழில்நுட்பத் தகுதிச் சான்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை புள்ளிகள் என்பது அட்டவணையாக வெளியிடப்பட்டுள்ளது. பொறியாளர் நிலைச் சான்றுக்கு 20 புள்ளிகள், அதற்கு முந்தைய தொழிற்பொறியாளர் நிலைச் சான்றுக்கு 16 புள்ளிகள். விண்ணப்பிக்கும் முன்னரே தொழிலாளர் தமக்குக் கிடைக்கக்கூடிய புள்ளிகளைக் கணக்கிட்டுக்கொள்ள முடியும்.

பிரான்சு 2002 ஜனவரியில் இயற்றிய சட்டம் அனுபவ ஏற்பைத் தனியொருவரின் உரிமையாக்கியது. தொடர்புடைய பணியனுபவம் உள்ளவர் தம் கற்றலை விரித்து எழுதிய கோப்பைச் சமர்ப்பித்து, நடுவர் குழுவின் முன் நேர்காணலில் விளக்கம் தருவார். குழு முழுப் பட்டத்தையும் வழங்கலாம். ஒரு பகுதியை மட்டும் ஏற்று எஞ்சியதைப் பயிலச் சொல்லவும் செய்யலாம். இரு நாடுகளின் முறைகளும் வேறுபட்டவை. கொரியா முன்னறிவித்த அட்டவணையை நம்புகிறது. பிரான்சு நடுவர் குழுவை நம்புகிறது. இரண்டிலும் ஏற்க வேண்டியவர் யார் என்பது சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டுள்ளது என்பதே பொதுக்கூறு.

8. மதிப்பீட்டின் மொழி

தமிழ் ஆய்வுலகம் தனிப்பங்கு ஆற்றக்கூடிய இடம் மதிப்பீட்டின் மொழியாகும். வாகனத் துறைக்கும் மின்னணுத் துறைக்கும் உரிய திறன் குழுமங்களின் தகுதி வரையறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆலையில் கற்றல் நிகழும் மொழி தமிழ். அத்தமிழில் பொருட்பெயர்கள் ஆங்கிலமாகவும் வினைகள் தமிழாகவும் இருக்கும். ‘டார்க் கம்மியா இருக்கு’, ‘கேஜ் போகல’, ‘ரீவொர்க்குக்கு அனுப்பு’ என்பன வரிசையில் வழங்கும் தொடர்கள். தமிழ்வழிப் பட்டயப் பாடநூல் இதையே ‘முறுக்குவிசை குறைந்துள்ளது’ என்று எழுதும்.

மதிப்பீட்டாளர் ஆங்கிலத்தில் வினவினால் தொழிலாளரின் மொழித்திறன்தான் அளக்கப்படும். தனித்தமிழில் மட்டும் வினவினாலும் அதே பிழை நேரும். முறுக்குவிசை என்னும் சொல்லை அறியாதவர், மறையை அளவுக்கு மீறி இறுக்கினால் புரி அழிந்துவிடும் என்பதை அறிந்திருப்பார். ஆகவே வாய்மொழித் தேர்வு தொழிலாளரின் வழக்கில் நடைபெறுவதும், பாடநூற்சொல்லை அவர் அறிந்துகொள்ளும் சிறு இணைப்புப் பாடம் அதனுடன் சேர்வதும் தேவையாகின்றன. ஆலை வழக்கு, பாடநூல் வழக்கு, ஆங்கிலக் கலைச்சொல் மூன்றையும் இணைக்கும் துறைசார் சொற்றொகுதி ஒன்றைத் தமிழ்த்துறைகளும் பொறியியல் துறைகளும் கூட்டாக உருவாக்கலாம்.

9. மறுப்புகளும் அவற்றின் எடையும்

தரம் தாழும் என்பது முதல் மறுப்பு. மதிப்பீடு மேம்போக்காக நடந்தால் இவ்வச்சம் மெய்யாகும். ஆலையின் திறன் அட்டவணையை அப்படியே புள்ளியாக மாற்றக் கூடாது. அதனைத் தொடக்க ஆதாரமாகக் கொண்டு, செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நடத்திய பின்னரே புள்ளி வழங்க வேண்டும். காரணம் அறியாமல் செயலை மட்டும் அறிந்தவருக்கு முழுப்புள்ளி உரியதன்று.

ஆலைகள் ஒத்துழையா என்பது இரண்டாம் மறுப்பு. திறனுக்குச் சான்று பெற்றவர் வேறு ஆலைக்குச் செல்லக்கூடும். ஊதிய உயர்வு கோரவும் கூடும். இக்கணக்கை மறைக்க வேண்டியதில்லை. தணிக்கைக்காகத் தயாரிக்கும் ஆவணத்தின் படியை அதற்குரியவரிடம் தருவது கூடுதல் செலவன்று. அதனால் மாறுவது பேரவலிமையின் சமநிலை. ஆகவே நல்லெண்ணத்தை நம்பாமல் விதியின்வழியே இதனை உறுதிசெய்ய வேண்டியுள்ளது.

குறுஞ்சான்றுகள் பெருகினால் முழுமையான கல்வி சிதறிப்போகும் என்பது மூன்றாம் மறுப்பு. மூன்றிலும் ஆழமானது இதுவே. பட்டம் என்பது துண்டுகளின் கூட்டுத்தொகை மட்டுமன்று. அறிவியலின் அடிப்படை, மொழி, சமூகப் புரிதல் ஆகியவை ஆலையில் கிடைப்பவையல்ல. எனவே முன்கற்றல் ஏற்பு வகுப்பறைக்கு மாற்றாகாது. ஏற்கெனவே கற்றதை மீண்டும் கற்பதில் கழியும் நேரத்தை மீட்டு, கற்காததைக் கற்பதற்கு அளிப்பதே அதன் பயன். வாரந்தோறும் மாறும் ஷிஃப்டில் பணியாற்றுபவருக்கு அந்நேரம் மிக அரிது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, 56-ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு வகுக்கும் அனுபவச் சான்றுப் படிவத்தில், பணியின் தன்மையோடு திறன் அட்டவணையில் எட்டிய நிலைக்கும் ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும். பயிற்சியாளருக்கும் அதே சான்று கிடைக்க வழிசெய்தல் வேண்டும்.

இரண்டாவது, இவ்வட்டாரத்துக்குரிய பல்கலைக்கழகங்களும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் எந்தப் பணித்திறனுக்கு எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளிகள் என்னும் அட்டவணையை முன்னதாக வெளியிட வேண்டும். உற்பத்தித் தொழில்நுட்பம், தரக்கட்டுப்பாடு, மின்னணுத் தொகுப்பு ஆகிய மூன்று பாடங்களில் தொடங்குவது போதுமானது.

மூன்றாவது, மதிப்பீடு தமிழில், தொழிலாளரின் வழக்கை அறிந்த மதிப்பீட்டாளரால் நடைபெற வேண்டும்.

நான்காவது, முன்கற்றல் ஏற்பின்வழிப் பெறும் பட்டயமோ பட்டமோ அரசுப் பணிக்கும் மேற்படிப்புக்கும் இணையானது என்னும் ஆணை, முதல் மாணவர் சேர்வதற்கு முன்பே வெளியிடப்பட வேண்டும். 2009-இல் நேர்ந்தது போலப் பட்டம் பெற்றபின் அதன் மதிப்பை அறியும் நிலைக்கு மற்றொரு தலைமுறையை ஆளாக்கக் கூடாது.

டிஜிட்டல் பேட்ஜுக்கான தொழில்நுட்பம் ஆயத்தமாக உள்ளது. டிஜிலாக்கர் போன்ற அரசுச் சேமிப்பகமும் உள்ளது. ஆலைகளில் ஆதாரமும் உள்ளது. எஞ்சியிருப்பது ஏற்போர் யார் என்பதை வரையறுக்கும் விதி மட்டுமே. அவ்விதி அமையும் வரை, வழங்கப்படும் பேட்ஜ் எத்தனையாயினும் அவை தொழிலாளரின் கைப்பேசியில் சேரும் படங்களாகவே இருக்கும். கற்ற இடத்தை வைத்து எடைபோடாமல், கற்ற பொருளை வைத்து எடைபோடும் முறையை வகுப்பது உயர்கல்வி நிறுவனங்களின் கடன்.